லிட்டருக்குப் பதினாலு

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதாகத் தகவல் இல்லை. பேக்கரியில், டீசல் பங்க்கில், ரொட்டி இறக்குகிற முப்பத்தெட்டுக் கடைகளில், எங்கும் அவர் பதினாலு. "பதினாலு வந்தாச்சா?" "பதினாலு இன்னைக்கு லேட்டு." "போய்ப் பதினாலுகிட்டக் கேளு." அவர் ஓட்டிய பழைய டீசல் வேன் லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுத்தது. அதே கம்பெனி, அதே வருடத்து வேன் வைத்திருந்த மற்றவர்களுக்குப் பன்னிரண்டைத் தாண்டியதில்லை. பட்டப்பெயர் என்பது வழக்கமாக ஒருவனுடைய மூக்கையோ நடையையோ பார்த்து வருவது. சாதனைக்காக வந்தது அந்த வட்டாரத்தில் இது ஒன்றுதான். அந்தச் சாதனை யாருடையது என்ற கேள்வி வெகுகாலம் கழித்து எழுந்தது. அதற்குள் அந்த எண்ணைக் கைவிடாமல் இருப்பதற்காக அவர் செய்யக்கூடாததை எல்லாம் செய்து முடித்திருந்தார்.

அளக்கும் விதத்தில் அவர்மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. சனிக்கிழமைதோறும் டேங்க்கைக் கழுத்துவரை நிரப்புவார். டீசல் நுரைக்கும். நுரை அடங்கும்வரை நிற்பார். வேனைக் கையால் இரண்டு ஆட்டு ஆட்டுவார், உள்ளே ஒளிந்திருக்கும் காற்று வெளியே வரட்டும் என்று. மறுபடி கொஞ்சம் ஊற்றுவார். மறுபடி நிற்பார். பின்னால் வண்டிகள் வரிசையாக ஹாரன் அடிக்கும். "டேங்க் நிரப்புறியா, தலைப்பிள்ளைக்குப் பால் புகட்டுறியா?" என்று ஒரு லாரிக்காரர் கேட்டது பங்க்கில் வருடக்கணக்காகப் பேசப்பட்டது. பதினாலு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி கழுத்துவரை. இடையில் ஓடிய தூரத்தை, இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். மீட்டர் முள்ளை நம்புகிறவன் முட்டாள் என்பது அவர் கட்சி.

வகுத்தது நோட்டில் ஏறும். நீள நோட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. தேதி, ஓடிய கிலோமீட்டர், போட்ட லிட்டர், மருந்து, கூடுதல் எடை, மைலேஜ், குறிப்பு என்று ஏழு கட்டம். எட்டாவது வரைதான் படித்தவர். ஆனால் மைலேஜைப் பாதிக்கும் காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம், பட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு வராத எண்ணம், அவருக்குத் தானாக வந்திருந்தது. டயரில் காற்று குறைந்த வாரம், மழை வாரம், எதிர்க்காற்று அடித்த வாரம், எல்லாம் குறிப்பில் இருக்கும். விட்டுப்போனது ஒன்றே ஒன்று. அதுவும் விட்டுப்போகவில்லை. வேறு கட்டத்தில் ஏறியிருந்தது.

மருந்து என்றால் டீசலில் கலக்கும் திரவம். பச்சை மூடி போட்ட பாட்டில், தேன் நிறம், நாட்பட்ட பெயிண்ட் கடை வாசம். அதை அவருக்கு அறிமுகப்படுத்தியவர் பம்புக்காரர். டீசல் பம்பும், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கிற நாசிலும் மட்டும் பழுது பார்க்கிற மெக்கானிக். பத்தடிக்குப் பத்தடி கடை, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் பழைய பம்புகள், மூக்கு நுனியில் கண்ணாடி. கந்தகம் குறைத்த புது டீசல் வந்த சமயத்தில் பதினாலின் வேன் பம்பு தேய்ந்து போயிற்று. அப்போது பம்புக்காரர் விளக்கினார். எஞ்சினுக்குத் தனியாக ஆயில் இருக்கிறது. டீசலை அழுத்தித் தள்ளுகிற பம்புக்கு அப்படி எதுவும் கிடையாது, தனக்குள் ஓடுகிற டீசலே அதற்கு எண்ணெய். கந்தகத்தைப் பிரித்தெடுக்கிற வேலையில் டீசலின் வழுவழுப்பும் கொஞ்சம் கூடவே போய்விடுகிறது. ஊர் மூச்சுக்கு நல்லது, பம்பின் மூட்டுக்கு ஆகாது. அதனால் வாரம் ஒரு மூடி இதை ஊற்று, பம்பு பிழைக்கும் என்றார். மைலேஜைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பாட்டிலின் லேபிள்தான் திறந்தது. 'கூடுதல் மைலேஜும் பெறலாம்' என்று அதில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பாட்டில் வந்த அதே மாதம் மகளுக்குக் கல்யாணம் முடிந்து அவள் வேறு ஊருக்குப் போனாள். வீட்டில் மனைவி தனியாக. இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் மூன்றாம் நாள் விடியற்காலையில், அவர் வேனைக் கிளப்பும் நேரத்தில், வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு வந்து பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். எங்கே என்று கேட்டதற்கு, "ரொட்டி போற ஊரையெல்லாம் நானும் ஒருதடவ பாத்துட்டு வரேனே" என்றாள். அந்த ஒருதடவை ஆறு வருடம் நீடித்தது.

ஆக, ஒரே மாதத்தில் வேனுக்குள் இரண்டு புது விஷயங்கள் ஏறின. ஒன்று டேங்க்கில், ஒன்று இருக்கையில். மைலேஜ் பன்னிரண்டிலிருந்து பதினாலுக்கு ஏறிற்று. இரண்டில் எது காரணம் என்று அவர் ஒரு நிமிடம்கூடக் குழம்பவில்லை. ஒன்றின்மேல் லேபிள் ஒட்டியிருந்தது.

மனைவியை அவர் கணக்கில் விட்டுவிடவில்லை. நேர்மையான மனிதர். வேனில் ஓர் ஆள் கூடினால் பாரம் கூடும், பாரம் கூடினால் மைலேஜ் குறையும். ஆகவே 'கூடுதல் எடை' என்று தனிக் கட்டம் போட்டார். பேக்கரியில் மாவு மூட்டை நிறுக்கும் தராசில், மாதம் ஒன்றாம் தேதி, ஏறி நிற்கச் சொன்னார்.

"என்னையும் சரக்குல சேத்துட்டீங்களா?" என்றாள் அவள்.

"சேக்கலைன்னா கணக்கு தப்பாயிடும்."

"மூட்டைக்காவது மேல முத்திரை குத்துவாங்க. எனக்கு அதுவும் இல்ல." சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்து ஏறி நின்றாள். ஐம்பத்தெட்டு கிலோ. பேக்கரியில் மாவு பிசைகிறவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். அன்று முதல் ஒன்றாம் தேதி அந்தப் பேக்கரியில் ஒரு விளையாட்டு நாள். போன மாதத்தைவிட அரைக் கிலோ கூடியிருந்தால், "அண்ணி, உடைஞ்ச பிஸ்கட் எல்லாம் எங்க போகுதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு" என்று யாராவது சொல்வார்கள். அவளும் சிரிப்பாள். மூடியில் மருந்தை அளந்து டேங்க்கில் ஊற்றுகிற வேலை அவளுடையது. ஊற்றிவிட்டு மூடியை முந்தானையில் துடைப்பாள். அவள் சேலைகளுக்கெல்லாம் அந்த வாசம் வந்துவிட்டது.

வேனில் அவள் அதிகம் பேசமாட்டாள். வேகம் அவளுக்கு ஆகாது, ஆனால் மெதுவாகப் போங்கள் என்று சொல்கிற பழக்கமும் இல்லை. பயம் வந்தால் உள்ளங்கையை டேஷ்போர்டின்மேல் அழுத்தி வைப்பாள், வேனையே அவள்தான் பிடித்து நிறுத்துகிற மாதிரி. அந்தக் கை அங்கே பட்டதும் அவருடைய கால் ஆக்சிலேட்டரிலிருந்து தானாக எழும்பும். கைக்கும் காலுக்கும் நடுவே கம்பி எதுவும் கிடையாது. அவருக்கே இது தெரியாது. யாராவது முந்திக்கொண்டு போனால் மட்டும் அவள் வாயைத் திறப்பாள். "அவன் உங்களுக்குச் சொந்தக்காரனா? போகட்டும் விடுங்க." அவர் விட்டுவிடுவார். ஆறு வருடத்தில் டேஷ்போர்டில் அந்த இடத்தில் மட்டும் கறுப்பு நிறம் தேய்ந்து, ஒரு கை அகலத்துக்கு வெளுத்துப் போயிற்று.

அவர் மருந்தின் பிரசாரகர் ஆனார். கூடுதல் எடையையும் ஏற்றிக்கொண்டு பதினாலு கொடுக்கிறதென்றால் மருந்தின் மகிமையை என்னவென்று சொல்வது? பங்க்கில் வருகிறவன் போகிறவன் எல்லோருக்கும் மூடிக்கணக்கு சொன்னார். பலர் வாங்கி ஊற்றினார்கள். ஒருவருக்கும் மைலேஜ் ஏறவில்லை. "நீங்க அளக்குற விதம் சரியில்ல" என்றார் பதினாலு. அவர்கள் நுரை அடங்கும்வரை நிற்கவில்லையாம். ஒரு கோட்பாட்டுக்கு எதிரான சாட்சி அத்தனையும் சாட்சிகளின் குற்றம் என்று ஆகிவிட்டால், பிறகு அந்தக் கோட்பாட்டை யார் அசைப்பது?

ஒருமுறை மைலேஜே நேராக வந்து அவரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தது. மகளின் பிரசவத்துக்கு மனைவி மூன்று வாரம் போயிருந்தாள். அந்த மூன்று வாரமும் பன்னிரண்டு, பதினொன்றே முக்கால், பன்னிரண்டு. மருந்து தவறாமல் ஒரு மூடி. அவர் பங்க்கில் போய்ச் சண்டை போட்டார், டீசலில் கலப்படம் என்று. பங்க்கை மாற்றினார். நான்காவது வாரம், பேரனைப் பார்த்த சந்தோஷத்தோடு மனைவி திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தாள். பதினாலு. 'புது பங்க். நல்ல டீசல்' என்று குறிப்பில் எழுதினார்.

ஆறாவது வருடம் மைலேஜ் மெல்ல மேலே ஏற ஆரம்பித்தது. பதினாலிலிருந்து பதினாலு புள்ளி ஒன்று. பிறகு இரண்டு. அவர் காரணம் தேடினார், கண்டும் பிடித்தார். கூடுதல் எடை குறைந்துகொண்டு வந்தது. பேக்கரித் தராசில் ஐம்பத்தெட்டு ஐம்பத்தேழு ஆகி, ஐம்பத்தைந்து ஆகியிருந்தது. "அண்ணி, டயட்டா?" என்று கேட்டார்கள். "சரக்கு குறைஞ்சா உங்க அண்ணனுக்குத்தானே லாபம்" என்றாள். அவள் இப்போது கையை டேஷ்போர்டிலேயே வைத்திருந்தாள், எடுப்பதே இல்லை. வேகத்துக்குப் பயந்து அல்ல, குலுங்கினால் வயிற்றில் எங்கோ வலித்தது. அதை அவள் சொல்லவில்லை. அவர் கால் மட்டும் தெரிந்துகொண்டு முன்னைவிட மென்மையாக மிதித்தது.

பதினாலு புள்ளி மூன்று வந்த சனிக்கிழமை, பங்க்கில் இருந்த எல்லோருக்கும் அவர் டீ வாங்கிக் கொடுத்தார். ஹாரன் அடித்த லாரிக்காரருக்கும் கொடுத்தார். அந்த வேனின் வாழ்நாளில் அதுதான் உச்சம். மனைவி வேனுக்குள் இருந்தபடியே தம்ளரை வாங்கிக்கொண்டாள். பாதிகூடக் குடிக்க முடியாமல் ஜன்னல் வழியாக நீட்டினாள். "எனக்குப் போதும், நீங்களே குடிங்க." அவர் குடித்தார். அன்று கூடுதல் எடைக் கட்டத்தில் நாற்பத்தாறு.

ஆஸ்பத்திரிக்கு அவர்கள் போனது அதற்குப் பத்து நாள் கழித்து, ஒரு கடை வாசலில் அவள் படியேற முடியாமல் உட்கார்ந்துவிட்ட பிறகு. டாக்டர் இளம் வயதுக்காரர், பொறுமையானவர். எப்போதிலிருந்து மெலிந்துகொண்டு வருகிறார் என்று கேட்டார். கொஞ்ச நாளா என்று பதினாலு சொன்னார். கொஞ்ச நாளென்றால் எத்தனை மாதம், எத்தனை கிலோ என்று டாக்டர் மறுபடி கேட்டார். அதெல்லாம் கவனிக்கலையே டாக்டர் என்றார் அவர். நோட்டு கீழே, வேனில், இருக்கைக்கு அடியில் இருந்தது.

ஐந்து வாரத்தில் எல்லாம் முடிந்தது. அந்த வாரங்களை விவரிக்க எதுவும் இல்லை, எல்லா ஆஸ்பத்திரி வராந்தாக்களும் ஒன்றுதான். கடைசி நாளுக்கு முதல் நாள், வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டாள். வேறோர் ஆள் என்றார். "மருந்து ஊத்த மறந்துடப் போறான்" என்றாள்.

காரியங்கள் முடிந்து மகள் ஊருக்குத் திரும்பிய பின் அவர் மறுபடி வேன் ஓட்டப் போனார். முதல் சனிக்கிழமை பன்னிரண்டு. இரண்டாவது சனிக்கிழமை பதினொன்றரை. கூடுதல் எடைக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. பாரம் குறைந்திருக்கிறது, மைலேஜ் ஏறியிருக்க வேண்டும், இறங்குகிறது. நோட்டை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். துக்கத்துக்கு அவர் அழுததை யாரும் பார்க்கவில்லை. மைலேஜுக்கு அவர் இடிந்து போனதை எல்லோரும் பார்த்தார்கள். பொண்டாட்டி போனதைவிடப் பதினாலு போனதுதான் அவனுக்குப் பெரிசு என்று பங்க்கில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. அவள் இருந்தபோது இருந்தவற்றில், அவளோடு போகாமல் கையில் மிஞ்ச வேண்டியது என்று அவர் நினைத்திருந்தது அந்த எண் ஒன்றைத்தான்.

அதுவும் தவிர, வேனுக்கே ஆபத்து வந்திருந்தது. பேக்கரி முதலாளி நல்ல மனிதர், சுற்றிவளைக்காமல் சொன்னார். வண்டிக்கு வயதாகிவிட்டது, பதினாலு கொடுத்தவரை சும்மா இருந்தேன், இனி புதிசு வாங்கிவிடலாம் என்று. அந்த வேனில் ஓர் இருக்கை இருந்தது; நடுவில் பள்ளம் விழுந்த இருக்கை. டேஷ்போர்டில் ஒரு கை அகல வெளுப்பு இருந்தது. இதையெல்லாம் முதலாளியிடம் எப்படிச் சொல்வது? "ஒரு மாசம் குடுங்க முதலாளி. பதினாலைத் திரும்பக் கொண்டுவந்து காட்டுறேன்" என்று மட்டும் சொன்னார். முதலாளி ஒரு மாதம் கொடுத்தார்.

பதினாலைக் கொண்டுவர அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே. முதல் வாரம் மருந்து இரண்டு மூடி. அவளைப் போல மூடியைத் துடைக்கத் தெரியாமல் கையெல்லாம் ஒட்டியது. மைலேஜ் பதினொன்றே கால். இரண்டாவது வாரம் மூன்று மூடி. பதினொன்று. தோற்றுக்கொண்டிருக்கிற ஆத்திரத்தில் வேகமாக ஓட்டினார், கடைகளுக்குச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் எஞ்சின் ஓடும் நேரமாவது குறையட்டும் என்று. முந்தியவனை எல்லாம் துரத்தி முந்தினார். அவன் யாருக்குச் சொந்தக்காரன் என்று கேட்க ஆள் இல்லை. மூன்றாவது வாரம் நான்கு மூடி. வேன் கறுப்பாகப் புகைத்தது. புதன்கிழமை காலை ஒரு மேட்டில், பாதி ரொட்டி இறக்காமல், இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

பம்புக்காரர் கழற்றிப் பார்த்தார். ஃபில்டருக்குள் கரும்பாகு போல ஏதோ உறைந்து கிடந்தது. நாசில் முனைகளில் கரி கட்டி, துளைகள் பாதி அடைந்திருந்தன. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"எத்தனை மூடிண்ணே ஊத்துனீங்க?"

"நாலு."

"டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தா, நாலு மாத்திரை போட்டா நாலு மடங்கா குணமாகும்?"

பம்பும் போய்விட்டதா என்று மட்டும் பதினாலு கேட்டார்.

"அதைத்தான் சொல்ல வரேன். பம்பு புதுசு மாதிரி இருக்கு. ஆறு வருசத்துக்குத் தேய்மானமே இல்ல. மருந்து அது வேலையை ஒழுங்காப் பாத்திருக்கு. மிச்ச வேலையையும் நீங்க அது தலையில கட்டுனீங்க. நோட்டைக் கொண்டாங்க, எப்ப எறங்கிச்சுன்னு பாப்போம்."

நோட்டை மேஜைமேல் வைத்து, எண்ணெய்க் கறை படியாமல் ஸ்க்ரூடிரைவர் முனையால் பக்கம் புரட்டினார் பம்புக்காரர். அவரும் தன் தொழிலில் ஒரு துப்பறிகிற ஆள்தான். எல்லோரும் சந்தேகப்படும் பம்பை விட்டுவிட்டு, அது எந்த வண்டியில் எப்படி ஓடியது என்று தேடுகிறவர். பேரன் பிறந்த மூன்று வாரத்தில் ஸ்க்ரூடிரைவர் நின்றது.

"இந்த மூணு வாரமும் பன்னெண்டுதான் போட்டிருக்கு. மருந்து ஊத்தலையா?"

"ஊத்துனேனே. பங்க்கு டீசல் சரியில்ல."

"எடைக் கட்டம் காலியா இருக்கே."

"அவ மகளைப் பாக்கப் போயிருந்தா."

பம்புக்காரர் முன்னும் பின்னும் புரட்டினார். எழுந்துபோய் வேனின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். டேஷ்போர்டின் வெளுப்பைத் தொட்டுப் பார்த்து இது என்ன என்று கேட்டார். அவ கை வைக்கிற இடம் என்றார் பதினாலு, வேகமாகப் போனால் வைப்பாள் என்றார். திரும்பி வந்து உட்கார்ந்த பம்புக்காரர் குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"அண்ணே, அண்ணி வண்டியில இருந்தா பதினாலு. இல்லைன்னா பன்னெண்டு. ஆறு வருசமா நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க. மருந்து பம்பைக் காப்பாத்துச்சு. பதினாலைக் குடுத்தது அண்ணி."

பதினாலு சிரித்தார். அவள் போன பிறகு முதல் தடவையாக, வாய் கொள்ளாமல் சிரித்தார். ஆறு வருடம் ஊர் முழுக்க ஒரு பாட்டிலைப் புகழ்ந்திருக்கிறார். புகழுக்கு உரியவள் பக்கத்தில் உட்கார்ந்து உடைந்த பிஸ்கட் தின்றுகொண்டிருந்திருக்கிறாள். "பாரமுன்னு எழுதிட்டேனே தம்பி" என்றார். "சரக்குல சேத்துட்டேனே அவளை." சொல்லும்போது அவர் முகத்தில் கல்யாணமான புதிதில் இருந்திருக்கக்கூடிய ஒரு பெருமை தெரிந்தது.

பம்புக்காரருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. இன்னும் பாருங்கள் என்று கடைசி வருடத்துப் பக்கத்தைப் புரட்டி, எடையையும் மைலேஜையும் சேர்த்து வாய்விட்டுப் படித்தார். "அம்பத்தெட்டு, பதினாலு. அம்பத்தேழு, பதினாலு. அம்பத்தஞ்சு, பதினாலு புள்ளி ஒண்ணு. அம்பத்தி மூணரை..." அவர் குரல் அந்த இடத்தில் தளர்ந்தது. ஸ்க்ரூடிரைவர் மட்டும் கீழே நகர்ந்துகொண்டு போயிற்று. ஐம்பத்தொன்று. நாற்பத்தொன்பது. நாற்பத்தாறு. பக்கத்திலேயே குறிப்புக் கட்டத்தில், பதினாலின் குண்டு குண்டான கையெழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக: 'எடை குறைவு. நல்லது.' 'எடை மேலும் குறைவு. நல்லது.' 'எடை குறைவு. மிக நல்லது.'

பம்புக்காரர் நோட்டை மூடினார். ஆனால் தாமதமாகிவிட்டது. பதினாலு உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் தலைகீழாகப் படித்து முடித்திருந்தார்.

வெளியே யாரோ ஒரு வண்டியைக் கிளப்பி ஓடவிட்டு, அணைத்து, மறுபடி கிளப்பினார்கள்.

"டாக்டர் கேட்டாரு தம்பி" என்றார் பதினாலு. "எப்ப இருந்து, எத்தனை கிலோன்னு. கவனிக்கலன்னு சொன்னேன்."

பம்புக்காரர் என்னென்னவோ சொன்னார். முன்னாடியே போயிருந்தாலும் என்ன ஆகியிருக்குமோ, யாருக்குத் தெரியும் என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். அதைச் சரிபார்க்க எந்த நோட்டும் கிடையாது. அரைக் கிலோவைக்கூட விடாமல் அவளைக் கவனித்த ஒரே மனிதர் அவர்தான். அவளுடைய எந்த உறவும் எந்த வைத்தியரும் அவ்வளவு துல்லியமாகக் கவனித்திருக்க முடியாது. அவர் அதை மைலேஜ் பக்கமாக நின்று கவனித்தார்.

நாசில்களை மாற்றி, ஃபில்டரை மாற்றி, டேங்க்கைக் கழுவி, பம்புக்காரர் வேனை ஓட வைத்தார். ஆனால் ஒரு மாதம் முடிந்திருந்தது. பதினாலு முதலாளியிடம் போய், வண்டியை விற்றுவிடுங்கள் என்று தானே சொன்னார். முதலாளிக்கு ஆச்சரியம். வாங்குகிறவர் கோழித்தீவனம் விற்கிற ஒருவர், எண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தார். நானே கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்றார் பதினாலு.

புறப்படும்போது கழுத்துவரை நிரப்பினார். நுரை அடங்கும்வரை நின்றார். மருந்து ஊற்றவில்லை. அந்த எண்பது கிலோமீட்டரை அவர் மூன்று மணி நேரத்தில் கடந்தார். மிதிவண்டிக்காரர் ஒருவர்கூட அவரை ஒருதரம் முந்திப் போனார். பதினாலு அவரைப் போகவிட்டார்.

தீவனக் கடைக்கு முன்னால் இருந்த பங்க்கில் நுழைந்து மறுபடி கழுத்துவரை நிரப்பச் சொன்னார். வாங்கப் போகிறவர் அங்கேயே எதிரில் வந்து நின்றிருந்தார். கைமாறப் போகிற வண்டிக்கு டேங்க்கை நிரப்பித் தருகிற ஆளை அவர் அன்றுதான் பார்க்கிறார். பதினாலு வேனை இரண்டு ஆட்டு ஆட்டினார், நின்றார், இன்னும் கொஞ்சம் ஊற்றினார். பானெட்மேல் நோட்டை வைத்து வகுத்தார். பதினாலு புள்ளி ஒன்று. கட்டங்களை நிரப்பினார். மருந்து: இல்லை. கூடுதல் எடைக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஐம்பத்தெட்டு என்று எழுதினார். குறிப்புக் கட்டத்தை விட்டுவிட்டார்.

"மைலேஜ் என்ன குடுக்கும்ணே?" என்று கேட்டார் வாங்குகிறவர்.

ஆறு வருடமாக இந்தக் கேள்விக்கு அவர் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் பதிலாகவே ஆகியும் இருந்தார்.

"பன்னெண்டு."

வாங்குகிறவர் தலையாட்டினார். விற்கிறவன் குறைத்துச் சொல்லிக் கேட்டதில்லை, நீங்க நேர்மையான ஆள் என்றார். பதினாலு சாவியைக் கொடுத்தார். நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கை காலி. டிரைவர் சின்ன வயது, ஊரைவிட்டு வெளியே வந்ததும் மிதித்தான். முன்னால் போன ஒரு லாரியை முந்துவதற்காக வலதும் இடதுமாக வளைத்தான். பதினாலு கையை நீட்டி, முன் இருக்கையின் முதுகில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார். டிரைவருக்கு அது தெரிய வழியில்லை. பஸ் அதே வேகத்தில் போயிற்று. ஊர் வந்து சேரும்வரை அவர் கையை எடுக்கவில்லை.